கவுன்சிலர் நம்மவரா, ஊருக்குரியவரா?



நம்மில் ஒருவர் மாநகர் மன்றத்தில் உறுப்பினராக நியமனம் பெற்றுவிட்டால் ஜமாஅத்தில் உண்டாகும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. மாலை போடுகிறோம். தேநீர் விருந்து வைக்கிறோம். அந்த மாலை வாடுவதற்கு முன்பே அவர் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு லைசென்ஸ் தாமதமாகிறது. ஒருவருக்குச் சம்மன் வந்துவிட்டது. மற்றொருவருக்கு அங்காடி நிலையத்தில் ஓர் இடம் வேண்டும். எல்லோரும் சொல்லுகிற வார்த்தை ஒன்றுதான்: "நீங்கள் நம்மவர். நீங்களே செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?"

இந்த வார்த்தையைப் பற்றியே இவ்விதழில் சிறிது சிந்திக்க விரும்புகிறேன். கவுன்சிலர் நம்மவர் என்பது மெய்தான். ஆனால் அதைக் காரணமாகக் காட்டி அவரிடம் நாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது? சட்டம் படித்தவர்கள் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். நமக்கோ இது அமானிதத்தைப் பற்றிய கேள்வி. மறுமையில் கேட்பவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் சேர்த்தே விசாரணை உண்டு.

மன்றத்தின் பொருள் யாருடையது?

பினாங்குத் தீவில் மாநகர் மன்றம் பார்க்கும் காரியங்களை நாம் அறிவோம். குப்பை அள்ளுதல், சாக்கடைகளைச் சுத்தம் செய்தல், தெருவிளக்கு, சந்தை, அங்காடி நிலையம், பூங்கா, கடை லைசென்ஸ், கட்டடப் பிளான் அனுமதி, கார் நிறுத்துமிடம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2011 முதல் சில மாநிலங்களில் குப்பை அள்ளும் பொறுப்பு கூட்டரசின் ஏற்பாட்டுக்குப் போனபோது, பினாங்கு அதில் சேராமல் அவ்வேலையை மன்றத்திடமே வைத்துக்கொண்டது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மதிப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. பிப்ரவரிக் கடைசிக்குள் ஒரு தவணை, ஆகஸ்டுக் கடைசிக்குள் ஒரு தவணை என்று ஆண்டுக்கு இரு முறை அதைக் கட்டுகிறோம். அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் விதவைத் தாய் கட்டுகிறாள். எதிர் வரிசையில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர் கட்டுகிறார். ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கும் கூலிக்காரரும் தம் வாடகை வழியாகக் கட்டவே செய்கிறார். ஆகவே மன்றத்தின் பொருள் இவர்கள் அனைவரின் பொருள். கவுன்சிலர் அதன் சொந்தக்காரர் அல்லர், காவலர்.

நம் கடை வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளி தம் அரிசியிலிருந்து ஏழை ஒருவருக்கு ஒரு பிடி கூடுதலாகப் போட்டால் அது தர்மம்; அல்லாஹ்விடத்தில் அதற்குக் கூலி உண்டு. கடைப்பையன் முதலாளிக்குத் தெரியாமல் தன் மாமனுக்கு ஒரு பிடி கூடுதலாக அளந்து போட்டால் அதற்கு என்ன பெயர்? பையனுக்கு இரக்க குணம் என்று எந்த முதலாளியும் மெச்சமாட்டார். அதே அரிசி, அதே ஒரு பிடி. பொருள் யாருடையது என்பதில்தான் தர்மமும் திருட்டும் பிரிகின்றன. கவுன்சிலர் அந்தக் கடைப்பையனின் இடத்தில் இருப்பவர். தம் சொந்தப் பணத்தை நமக்குக் கொடுத்தால் அவர் வள்ளல். மன்றத்தின் சலுகையை ஊராருக்குத் தெரியாமல் நமக்குக் கொடுத்தால் அது வள்ளல்தன்மை ஆகாது.

நாற்காலி வந்த வழி

இங்கே ஒரு சகோதரர், "அவர் நம் சமூகத்தின் பிரதிநிதியாகத்தானே அங்கே உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அந்த நாற்காலி வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957 ஜனவரி முதல் தேதி ஜார்ஜ் டவுன் மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. அதன் முதல் மேயராக டி. எஸ். இராமநாதன் விளங்கினார். அந்நாளில் கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக வரவேண்டும். வேலை செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் ஜனங்கள் பதில் சொல்வார்கள். 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில், நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. எட்டுப் பேருக்குக் குறையாமலும் இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமலும் இருக்கலாம். ஒரு நியமனம் மூன்று வருஷத்துக்கு மேற்படலாகாது. தேர்தலை மீண்டும் கொண்டுவரப் பினாங்கு மாநிலம் 2012-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அம்முயற்சி தோற்றது.

யாரை நியமிக்கலாம் என்று சொல்லும்போது, ஊராட்சி அனுபவம் உள்ளவர்களையும் தொழில் வியாபாரத்தில் சிறந்தவர்களையும் சொல்லிவிட்டு, தத்தம் சமூகத்தாரின் நலனை எடுத்துச் சொல்லத் தக்கவர்களையும் அந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடுகிறது. எனவே "நம் பிரதிநிதி" என்று நாம் சொல்வதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால் "நலன்" என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருவில் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது என்பது நம் நலன். மையவாடிக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லை என்பது நம் நலன். இவற்றை மன்றத்தில் எழுந்து நின்று, எல்லா இனத்தாரும் கேட்கும்படி உரக்கச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட மனிதரின் அபராதத்தை இரகசியமாகத் தள்ளுபடி செய்யச் சொல்வதை அப்படி உரக்கச் சொல்ல முடியுமா? எதை உரக்கச் சொல்ல முடியவில்லையோ அது சமூகத்தின் நலன் அன்று. ஒரு தனி மனிதரின் ஆசைக்குச் சமூகத்தின் சட்டையைப் போட்டுவிட்டதுதான்.

சிபாரிசு இரண்டு வகை

சிபாரிசே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நல்ல சிபாரிசு செய்பவருக்கு அந்த நன்மையில் பங்கு உண்டு, தீய சிபாரிசு செய்பவருக்கு அந்தத் தீமையில் பங்கு உண்டு என்பது அந்நிஸா அத்தியாயம் நமக்குப் போதிக்கும் கருத்து. ஆகச் சிபாரிசு இரண்டு வகை.

மலாயில் மனு எழுதத் தெரியாத ஒரு பெரியவர், எந்தக் கவுண்டருக்குப் போவது என்று தெரியாமல் மூன்று முறை திரும்பி வந்துவிட்டார். கவுன்சிலர் அவருடைய பாரத்தை நிரப்பச் செய்து, உரிய அதிகாரியிடம் சேர்ப்பித்து, பதில் வரும் வரை விசாரிக்கிறார். இது நல்ல சிபாரிசு. அந்தப் பெரியவருக்கு உரியது அவருக்குக் கிடைத்தது. யாருடைய முறையும் பறிபோகவில்லை. மூடிக் கிடந்த கதவு ஒன்று திறந்தது.

இன்னொருவர் அங்காடி நிலையத்து இடத்துக்கு இன்று மனுப் போடுகிறார். அவருக்கு முன்னால் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கவுன்சிலரின் ஒரு வார்த்தையால் இவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. இங்கே இடம் இழந்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவருடைய முகத்தை நாம் பார்க்கவில்லை. அவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிரமப்படும் ஒரு மலாய்த் தாயாக இருக்கலாம். நம் பள்ளிவாசலிலேயே பின்வரிசையில் தொழுகிற ஒருவராகவும் இருக்கலாம். முகம் தெரியாத காரணத்தால் அவருடைய ஹக்கு இல்லாமல் போய்விடுமா?

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காலத்தில், மக்ஸூம் குலத்தைச் சேர்ந்த உயர்குடிப் பெண் ஒருத்தி திருட்டுக் குற்றத்துக்கு ஆளானாள். நாயகத்தின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைக் கொண்டு குறைஷிகள் சிபாரிசு செய்ய வைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிட்டது. பெரிய இடத்தார் தப்பிக்க, எளியவர் மட்டும் தண்டனை பெற்றதாலேயே முந்திய சமூகங்கள் அழிந்தன என்றும், தம் சொந்த மகளானாலும் நீதி மாறாது என்றும் எச்சரித்தார்கள். மாநகர் மன்றத்துச் சம்மன் அந்தத் தண்டனைகளைப் போன்றது அன்று என்பதை அறிவேன். ஆனால் பாடம் ஒன்றே. அன்புக்குரியவர் வழியாக வந்த காரணத்தால் தகாத கோரிக்கை தகுந்ததாகிவிடாது.

அஞ்சடியைப் பார்ப்போம்

தூரத்து உதாரணம் வேண்டாம். கடைத்தெருவிலும் சூலியா வீதியிலும் நம் கடைகளுக்கு முன்னால் அஞ்சடி இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி ஜனங்கள் நடந்து போவதற்காக விடப்பட்ட வழி அது. கட்டடம் நம்முடையதாயினும் அந்த வழியில் நடக்க ஊராருக்கு உரிமை உண்டு. அதில் வெங்காய மூட்டையையும் துணித் தாங்கியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் பரப்பிவிட்டால், கண் தெரியாதவர், குழந்தை வண்டி தள்ளுகிற தாய், கைத்தடி ஊன்றும் கிழவர் எல்லோரும் வண்டிகள் ஓடும் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியதாகிறது. மன்றத்து ஆட்கள் வந்து சாமானை அப்புறப்படுத்தினால், உடனே கவுன்சிலருக்கு டெலிபோன் போடுகிறவர்கள் நம்மில் உண்டு.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மதரஸாவில் சிறுபிள்ளையாக ஓதியவர்கள் நாம். இடையூறை வைத்துவிட்டு, அது அங்கேயே இருக்கும்படி சிபாரிசும் தேடினால் ஓதியதெல்லாம் எங்கே போயிற்று? கடை சிறிது, இடம் போதவில்லை என்பது உண்மையான கஷ்டம். அதற்கு வழி இருக்கிறது. வியாபாரிகள் ஒன்றுகூடி, சாமான் இறக்க நேரம் ஒதுக்கவும், எவ்வளவு தூரம் வைக்கலாம் என்று கோடு போடவும் மன்றத்தைக் கேட்கலாம். அந்தக் கோடு சீனர் கடைக்கும் நம் கடைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்பதைக் கவுன்சிலர் தலைநிமிர்ந்து எடுத்துச் சொல்லலாம்.

"மற்றவர்கள் செய்கிறார்களே!"

இனிப் பலமான ஆட்சேபம் ஒன்று பாக்கி இருக்கிறது. "மற்ற இனத்தார் தங்கள் ஆட்களைக் கொண்டு காரியம் சாதிக்கிறார்கள். நாம் மட்டும் நியாயம் பேசினால் நம் பிள்ளைகள் பின்தங்கிப் போவார்கள்" என்பார்கள். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. முறைப்படி காத்திருந்து நஷ்டப்பட்டவர்களும் உண்டு.

ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் இந்நாட்டில் சிறிய சமூகம். அந்த மன்றத்தில் நம்மவர் ஒருவர் இருக்கலாம். சில வருஷங்களில் ஒருவரும் இல்லாமலும் போகலாம். செல்வாக்கே ஆட்சி செய்யும் ஊரில் செல்வாக்கு அதிகமுள்ளவனே முதலில் நிற்பான். நம்முடைய முறை கடைசியில்தான் வரும். விதிமுறை ஆட்சி செய்யும் ஊரில் மட்டுமே சிறியவனுக்கும் தன் முறை வந்து சேரும். ஆகவே விதியை வளைக்கச் சொல்கிற ஒவ்வொரு தடவையும், நமக்குப் பாதுகாப்பாக இருக்கிற ஒரே சுவரிலிருந்து ஒரு செங்கல்லை நாமே பிடுங்குகிறோம். லாபம் இன்று, நஷ்டம் நம் பேரப்பிள்ளைகளுக்கு. சுற்றத்தாருக்கும் நமக்குமே பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்ற கட்டளையும் அதே அந்நிஸா அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

கவுன்சிலருக்கு ஒரு வார்த்தை

ஓட்டினால் வராதவரை ஓட்டினால் இறக்க முடியாது. ஆகையால் நியமனம் பெற்றவருக்குத் தேர்தலில் வந்தவரைவிட அதிகப் பயம் இருக்க வேண்டும். அவருக்கு மேலே கணக்குக் கேட்பவன் அல்லாஹ் என்ற பயம். தமக்குச் சம்பந்தமுள்ள விஷயம் மன்றத்தில் வந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பெருநாளைக்கு வீடு தேடி வரும் ஹாம்பர் கூடைகளைப் பற்றியும் அவர் யோசிக்க வேண்டும். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது பொதுவுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பதவிக்கு முன் வராத கூடை பதவிக்குப் பின் வந்தால் அது மனிதருக்கு வந்ததன்று, நாற்காலிக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்துக்கும் மன்ற உறுப்பினர்கள் உட்பட்டவர்களே.

முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும் தைரியமும் அவருக்கு வேண்டும். தண்ணீர்க் குழாய் நீர் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு, மின்சாரம் மின்வாரியத்தின் பொறுப்பு, பள்ளிக்கூடம் கல்வி அமைச்சின் பொறுப்பு. எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புவது மரியாதை அன்று. ஓர் ஏழையின் நாட்களை வீணாக்குவது அது.

நமக்கும் கடமை உண்டு

புகார் சொல்லும்போது தெருவின் பெயர், இடம், தேதி, ஒரு படம் ஆகியவற்றுடன் எழுத்தில் கொடுப்போம். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வோம். வரியைத் தவணை தவறாமல் கட்டுவோம். மன்றத்தின் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்று சட்டம் சொல்கிறது. நம் சங்கத்து வாலிபர்கள் இருவர் போய் உட்கார்ந்து கேட்டு வந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நமக்குச் சொல்லலாமே! ஓட்டுரிமை இல்லாத இடத்தில் கேட்கும் காதும் சொல்லும் வாயுமாவது நமக்கு இருக்கட்டும்.

கவுன்சிலரிடம் போகுமுன் ஒவ்வொருவரும் தம் மனத்தை ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: எதிர்க்கடைச் சீனருக்கும் இதே உதவியை இவர் செய்தால் நான் சம்மதிப்பேனா? சம்மதிப்பேன் என்றால் தாராளமாகக் கேட்கலாம். மனம் தயங்கினால் வாசலிலிருந்தே திரும்பிவிடுவது நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைப்பவர்களின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும், நம்முடைய மன்ற உறுப்பினர்களையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.