கச்சதீவில் திறந்த வழி

இலங்கையின் நெடுந்தீவில் பவளக்கல் மதில்களுக்கு மேலே டிஷ்கள் ஏறத்தாழ உச்சிவானைப் பார்த்து அண்ணாந்து நிற்கும்; செயற்கைக்கோள் இங்கே அவ்வளவு உச்சியில் இருக்கிறது. விளிம்பை உப்புக்காற்று அரித்திருக்கும். சித்திரையில் மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் இவற்றின் வழியாகத்தான் தீவு வீடுகளுக்கு வருகிறது. இந்திய டி.டி.எச். உரிமமோ இந்திய எல்லையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்திய முகவரி ஒன்றின் பேரில் இணைப்பு எடுக்கப்படுகிறது. மாதக் காசு முகவர் வழியாகப் போகிறது. இப்படிப் பார்ப்பது களவா? கள்ளாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ள நினைப்பதையே கடிந்தார். இங்கே பிறர் பொருள் குறையவில்லை. அலை நம் முற்றத்தில் விழுவதால் மதுரைக்கு நட்டமில்லை, காசும் கட்டியாயிற்று. ஆனால் வஞ்சம் இருக்கிறது, முகவரி பொய். இதை மழுப்பக்கூடாது. சாமி பார்ப்பதற்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். உண்மை சொல்லிக் காசு கட்ட வழி வைக்காத விதிக்கும் அந்தப் பொய்யில் பங்குண்டு என்பதே என் வாதம்.

நாடு தன் வானைக் காப்பது நியாயமில்லையா என்று கேட்கலாம். நியாயமே. இன்னொரு நாட்டை நோக்கி நேரடிச் செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தொடங்குமுன் அந்நாட்டோடு கலந்துபேசி உடன்படவேண்டும் என்று 1982 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. உள்ளூர் அலைவரிசைகளும் பிழைக்கவேண்டும். ஆனால் கிரிக்கெட் உரிமைக்கும் கோயில் பூசைக்கும் ஒரே பூட்டுப் போடுவது சரியல்ல. திரையில் தெரிவது தரிசனமா என்பாரும் உளர். திருவண்ணாமலையை நினைத்தாலே முத்தி என்று நம்பும் சமயம் நம்முடையது. நினைத்தாலே போதுமென்றால் திரை எதற்கு? நினைப்புக்குப் பற்றிக்கொள்ள ஓர் உருவம் வேண்டும். கருவறையில் மூர்த்தி இருப்பதும் அதற்காகத்தான். குறிகட்டுவானுக்குப் படகேறக்கூட இயலாத முதியவருக்கு அந்தப் பிடிமானத்தைத் திரை தருகிறது. கடல் தாண்டித் தொழுவது இங்கே புதிதுமல்ல; நாகமொன்று பூவைக் கவ்விக் கடல் நீந்தி அம்மனைத் தொழுத கதை நயினாதீவில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

எல்லைக்கோடு வழிபாட்டுக்கு வழிவிட்ட முன்மாதிரியும் நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவிலேயே இருக்கிறது. கச்சதீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974 ஒப்பந்தத்தின் 5ஆம் உறுப்புரை, இந்திய யாத்திரிகர்கள் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் அங்கே வரலாம் என்கிறது. கோயில் ஒளிபரப்புக்கும் அப்படி ஓர் உறுப்புரையை இரு அரசுகளும் எழுதவேண்டும்.