பூனைக்கு என்ன கவலை?

உங்கள் வீட்டில் பூனை இருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு மதில் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதைப் பாருங்கள். தூங்காத நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிக்கொள்வதில்தான் செலவிடும். காலைத் தூக்கி, முதுகை வளைத்து, யோகா மாஸ்டர்கள் வெட்கப்படுகிற கோணங்களில். பூனையின் நாக்கில் பின்பக்கமாக வளைந்த நூற்றுக்கணக்கான முட்கள் இருக்கின்றன. அவற்றின் நுனி குழிவாக இருக்கிறது, எச்சிலை மொண்டு ரோமத்தின் அடிவரை கொண்டுபோகிறது என்று அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் 2018ல் எழுதினார்கள். குளியல், சீப்பு, பேன் பார்ப்பது எல்லாம் ஒரே நாக்கில்.

சில பூனைகள் நிறுத்துவதில்லை. வயிறு, தொடையின் உட்பக்கம், விலா என்று நக்கி நக்கி ரோமம் போய், கோழி உரித்த மாதிரி தோல் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் சில, கழுத்தையும் காதோரத்தையும் பின்னங்காலால் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் கூடி ஆலோசிப்பார்கள். 'பாப்பா பிறந்ததிலேர்ந்து இப்படித்தான் இருக்கு. ஏங்கிப்போச்சு, பாவம்.' 'வீடு மாத்தினது அதுக்குப் பிடிக்கலை.' 'பெரியவன் அமெரிக்கா போனான் இல்லையா, அன்னிலேர்ந்து.' ஆக ஒரு காரணம் கிடைத்துவிடும். எந்த வீட்டிலும், எந்த ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டாலும், ஒரு பூனை வருத்தப்படும்படி ஏதாவது நடந்துதான் இருக்கும்.

பூனையின் அரிப்பில் போய் தத்துவமா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் கேட்க வந்தது இதுதான். வாயில்லாத ஒரு ஜீவன் அவதிப்படுகிறது. அதன் அவதிக்கு நமக்குத் தோன்றிய காரணத்தை நம்பிவிடுகிறோம். இது வெறும் பிசகா, இல்லை பாவமா?

'மனசுதான் காரணம்' என்பதற்கு மருத்துவத்தில் கௌரவமான பெயரே உண்டு. சைக்கோஜெனிக் அலோபீஷியா, மனத்தால் வரும் வழுக்கை. வெய்ஸ்கிளாஸ், லேண்ட்ஸ்பெர்க் முதலிய கால்நடை மருத்துவர்கள் இந்த முத்திரையோடு வந்த 21 பூனைகளை எடுத்துக்கொண்டு, முத்திரையை நம்பாமல் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். தோலைச் சுரண்டிப் பார்த்தார்கள், துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள், பூச்சிக்கு மருந்து போட்டார்கள், சாப்பாட்டை மாற்றினார்கள். முடிவு 2006ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 16 பூனைகளுக்கு உடம்பில்தான் கோளாறு. 3 பூனைகளுக்கு உடம்பும் மனமும் சேர்ந்து. மனம் மட்டுமே என்று தேறியவை 2. பன்னிரண்டு பூனைகளுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. எஜமானி அன்போடு தட்டில் வைத்ததுதான் அரித்திருக்கிறது!

இருபத்தோரு பூனை என்பது சின்னக் கணக்கு. நிபுணர்வரை வந்த பூனைகள் ஊரிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் பிரதிநிதி ஆகாது. இருந்தாலும் 21ல் 2 என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

நிஜக் காரணம் ஏன் இப்படி ஒளிந்துகொள்கிறது? துப்பறியும் கதைகளில்கூட இல்லாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. தடயத்தைப் பாதிக்கப்பட்டவரே தின்றுவிடுகிறார். பூனை அரிப்புக்குப் பிரதான சந்தேக நபர் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சில் ஒவ்வாத பூனைக்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள் முழுக்க நமைச்சல். நமைக்கிறதே என்று நக்க, அந்த முள் நாக்கில் பூச்சி சிக்கி வயிற்றுக்குள் போய்விடும். கலிஃபோர்னியாவில் எக்ஸ்டீன், ஹார்ட் என்ற இருவர் 2000ல் இதைச் சோதித்தார்கள். பூச்சி மண்டிய ஒரு வீட்டில் சில பூனைகளுக்கு, நக்க முடியாதபடி கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டினார்கள். மூன்றே வாரத்தில் அவற்றின் மேல் மற்ற பூனைகளைவிட இரண்டு மடங்கு பூச்சி. அதாவது, எந்தப் பூனைக்கு அதிகமாக அரிக்கிறதோ அதன் மேல்தான் பூச்சி கண்ணில் படாது. 'எங்க வீட்ல பூச்சியே கிடையாதுங்க' என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். முட்டையும் புழுவும் கூடும் பாய்க்கடியில், சோபா இடுக்கில் இருக்கும். (நாய்க்கு வாங்கினது மிச்சம் இருக்கே என்று பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். சில நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.)

தவிர, பல பூனைகள் ஆள் இல்லாத நேரம் பார்த்து நக்கும். 'நக்கவே இல்லை டாக்டர், தானா கொட்டுது' என்பார்கள். டாக்டர் நாலு ரோமத்தைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைப்பார். நுனி கூராக இருந்தால் தானாகக் கொட்டுகிறது. உடைந்திருந்தால் நாக்கின் வேலை. கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சி, படர்தாமரை, தூசு ஒவ்வாமை, மூத்திரப்பையில் வலி (வலிக்கிற இடத்துக்கு மேலே வயிற்றை நக்கும்) என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து விலக்க வேண்டும். மனம் கடைசியில் வர வேண்டிய காரணம். நாம் அதை முதலில் வைக்கிறோம். ஏனென்றால் அது ஒன்றுக்குத்தான் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அமெரிக்கா போன பையனைத் திரும்பக் கூப்பிடவா முடியும்?

மனிதர்களுக்கும் இதைத்தான் செய்தோம். வயிற்றில் புண் என்று போனால் 'டென்ஷனைக் குறைங்க சார், காரத்தைக் குறைங்க' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காரணம் ஒரு பாக்டீரியா என்றபோது பலர் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்து, தானே ஒரு டோஸ் குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி, வயிற்றில் அழற்சி. 2005ல் நோபல் பரிசு. அதற்குள் எத்தனை குமாஸ்தாக்கள் தங்கள் சுபாவத்தைத் தாங்களே நொந்துகொண்டு ஜெலுசில் குடித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். 1877ல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற இங்கிலீஷ் கணித மேதை ஒரு கட்டுரை எழுதினார். முப்பத்து மூன்று வயதில் இறந்துபோனவர். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். கப்பல் பழசு, ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு உள்ளூரத் தெரியும். செலவாகுமே! இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்த கப்பல்தானே, கடவுள் இருக்கிறார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, நிஜமாகவே நம்பி, ஜனங்களை ஏற்றி அனுப்பினான். நடுக்கடலில் மூழ்கியது. இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டான். குற்றவாளியா? சந்தேகமென்ன என்போம். கிளிஃபோர்டு அடுத்ததாகக் கேட்டதுதான் முக்கியம். கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அதே அளவு குற்றவாளிதான் என்றார். அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை கிடையாது.

இதை அந்த 2 பூனைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். அவற்றின் எஜமானர்கள் 'டென்ஷன்' என்றிருந்தால் அது சரிதான். ஆனால் மற்ற 16 பேரும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்க முடியும், அதே அளவு யோசித்துவிட்டு. கிளிஃபோர்டின் கணக்கில், தேடாமல் சொன்னவர்கள் எல்லோரும் ஒரே தட்டில். சரியாகச் சொன்னவருக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். லாட்டரி விழுந்தவரை நாம் பொருளாதார நிபுணர் என்பதில்லை.

முழுக்க ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் தயக்கம். வில்லியம் ஜேம்ஸ் 1896ல் கிளிஃபோர்டுக்குப் பதில் சொன்னார். சில விஷயங்களில் ஆதாரம் வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் விலை உண்டு என்று. பூனைக்கு இன்று ராத்திரி அரிக்கிறது. ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் நாளைக்கு அடங்கிவிடும். காரணம் தெரியாமல் நிவாரணம் கொடுப்பது தப்பா? கழுத்தில் ரத்தம் வர நிற்கிற பூனையிடம் தர்க்க சாஸ்திரம் பேச என்னால் முடியாது, ஊசியைப் போடுங்கள் என்பேன். சிக்கல் அதற்கப்புறம். அரிப்பு நின்றவுடன் தேடலும் நின்றுவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ஊசி, மறுபடி. பழகினால் சர்க்கரை வியாதி வந்து சேரலாம். பூனைக்காகப் போட்ட ஊசி, சொறிகிற சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்ட நமக்காகப் போட்டதாக எப்போது மாறியது என்று யாருக்கும் தெரிவதில்லை.

தேடுவது என்று தீர்மானித்துவிட்டீர்கள், பூச்சியை ஒழித்தாயிற்று, இன்னும் நக்குகிறது. அடுத்தது உணவுப் பரிசோதனை. பூனைகளுக்கு ஒவ்வாமல் போகும் பண்டங்களில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும் முன்னணியில் இருக்கின்றன. அது இதுவரை தின்றேயிராத ஒரு மாமிசமோ, புரதத்தை நுணுக்கி உடைத்துச் செய்த பிரத்யேகத் தீனியோ, அது மட்டும்தான், எட்டு வாரம். நடுவில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. மீன்காரம்மா எறிகிற தலை கிடையாது. மூன்று வீட்டில் மூன்று பெயரோடு சாப்பிடுகிற பூனையை வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், புண்ணியம் என்றால் என்னவென்று தெரியும்.

எட்டு வாரம் முடிந்தது. நமைச்சல் நின்றது, வயிற்றில் பூனைமயிர் துளிர்க்கிறது, வீட்டில் சந்தோஷம். அப்போது டாக்டர் சொல்வார்: 'இனிமே பழைய சாப்பாட்டைத் திரும்பப் போடுங்க. அரிக்குதா பார்க்கணும்.'

பலர் இங்கேதான் எழுந்து வந்துவிடுகிறார்கள். குணமான பிராணியை வேண்டுமென்றே அரிக்க வைப்பதா? ஆனால் டாக்டர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கலாம். அந்த எட்டு வாரத்தில் பூச்சி மருந்தும் வேலை செய்திருக்கும், மழை முடிந்திருக்கும், பாப்பாவும் பூனையும் சிநேகமாகியிருக்கும். நம்முடைய பழைய தர்க்க சாஸ்திரக்காரர்கள் அன்வயம், வியதிரேகம் என்று இரண்டு கேட்டார்கள். இது இருந்தால் அது இருக்கிறதா, இது இல்லாவிட்டால் அது இல்லையா. இரண்டாவதைப் பார்த்தாயிற்று. முதலாவதைப் பார்க்க மீனைத் திரும்பத் தட்டில் வைத்தாக வேண்டும். மார்ஷல் கிருமியைக் குடித்தபோது வயிறு அவருடையது. பூனையிடம் கையெழுத்து வாங்க முடியாது. அறிவு நமக்கு, அரிப்பு அதற்கு.

வைப்பதா, வேண்டாமா?

என்னைக் கேட்டால், வைக்கலாம். காரணம் உறுதியாகாவிட்டால் பூனையின் ஆயுசு முழுக்க ஒரே தீனி, ஒரு ஊகத்தின் பேரில். அல்லது அடுத்த வருஷம் ஊரிலிருந்து வரும் மாமியார் 'இதெல்லாம் சும்மா, பூனைக்கு மீன் ஒத்துக்காதுன்னு எந்த ஊர்ல கேட்டீங்க' என்று ஒரு துண்டைப் போடுவார். மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்காது, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மீன்தான் என்று தெரிந்துவிட்டால் கோழி திரும்பக் கிடைக்கலாம். பூனைக்கு அது சின்ன விஷயமில்லை. ஒத்துக்கொள்ளாத சாப்பாடு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். முதல் சொறியலைப் பார்த்ததும் நிறுத்திவிடலாம். ஆனால் கழுத்துச் சதை தெரியப் பிறாண்டிக்கொண்டதை ஒருமுறை பார்த்த ஒருவர், 'என்னால முடியாது டாக்டர், இப்படியே இருக்கட்டும்' என்று சொன்னால் அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அவராவது எட்டு வாரம் தேடியிருக்கிறார்.

வைக்கிறவர்களுக்கு ஒரு நிபந்தனை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். மீனைத் தட்டில் போட்டுவிட்டுத் திருப்பதிக்குக் கிளம்பக் கூடாது.