ஒன்பதாயிரம் ரூபாய்க் கூழாங்கல்

எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்தீர்களானால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருக்கும் ஒரு சின்ன மண்தொட்டியைக் காட்டுவேன். உள்ளே சரளைக்கல். நடுவே காய்ந்த பூண்டுத் தோல் மாதிரி ஏதோ ஒன்று சுருண்டு கிடக்கும். 'செடி எங்கே?' என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். அதுதான் செடி. விலை 9,000 ரூபாய்.

சிரிக்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே போதுமான அளவு சிரித்தாகிவிட்டது. போன சித்திரையில் மாடியைப் பெருக்க வந்த அம்மா, அதைக் குப்பையோடு சேர்த்து அள்ளப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தடுத்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள எதுனா பொதைச்சு வெச்சிருக்கியா ஸார்?" என்றார்.

பெயர் கோனோஃபைட்டம். தென்னாப்பிரிக்காவின் மேற்கு ஓரத்திலும் நமீபியாவின் தெற்கிலும் இருக்கிற வறண்ட பூமிதான் சொந்த ஊர். நமக்வாலாந்து, ரிக்டர்ஸ்வெல்ட் என்று வாயில் நுழையாத பெயர்கள். மழை குளிர்காலத்தில் மட்டும், அதுவும் கஞ்சத்தனமாகப் பெய்யும். உலகத்தில் சதைப்பற்றுச் செடிகள் சுமார் பத்தாயிரம் வகை என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு வட்டாரத்தில்தான் இருக்கிறது.

செடி என்றால் தண்டு, கிளை எல்லாம் கற்பனை செய்யாதீர்கள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் உருண்டை. இரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அப்படி ஆகியிருக்கின்றன. உச்சியில் உண்டியல் வாய் மாதிரி ஒரு கீறல். அந்தக் கீறலிலிருந்துதான் பூ வரும். கோடை வந்தால் உருண்டை தன் ஈரத்தையெல்லாம் உள்ளே உருவாகும் புது உருண்டைக்குக் கொடுத்துவிட்டு, தான் வெறும் தோலாகிக் காகிதம் போல அதைப் போர்த்திக்கொள்ளும். மாசக்கணக்கில் செத்த மாதிரி கிடக்கும். குளிர் எட்டிப் பார்த்ததும் தோல் கிழியும். உள்ளேயிருந்து பச்சை.

இதை வளர்க்க ஒரே வித்தைதான்: தண்ணீர் ஊற்றாமல் இருப்பது. கோடையில் பாவம் பார்த்து ஒரு டம்ளர் ஊற்றினால் போதும், அழுகிப் போய்விடும். சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று பெரியவர்கள் சொன்னதை நான் இந்தச் செடியிடம் கற்றுக்கொண்டேன். சென்னையின் ராத்திரிப் புழுக்கம் வேறு அதற்கு ஆகவே ஆகாது. வாங்கும்போது 14 தலை இருந்தது. இப்போது 9.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன கார்த்திகையில் இதை எனக்கு விற்ற பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். பல பேர் கை மாறி அவனிடம் வந்த சரக்கு. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருந்தான். மற்றதெல்லாம் 800, 1,200. கொழுகொழுவென்று, அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருந்தன. இது மட்டும் கோணல்மாணலாக, ஒரு பக்கம் வடுவோடு, அடியில் மரக்கட்டை மாதிரி முற்றிப்போய் இருந்தது.

"இது ஏன் இந்த விலை?" என்று கேட்டேன்.

"ஸார், இது ஹேபிடட் பீஸ் ஸார். நர்சரி சரக்கு இல்ல" என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

ஹேபிடட் பீஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். செடிப் பைத்தியங்களின் பாஷையில், இயற்கையான இடத்திலிருந்து பிடுங்கி வந்தது என்று அர்த்தம். எந்த மலை, யார் பிடுங்கினார்கள், அனுமதி உண்டா என்று மூன்று கேள்விகள் தொண்டை வரை வந்தன. கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! பர்ஸை எடுத்தேன்.

இரண்டு மாசம் கழித்துத்தான் உட்கார்ந்து படித்தேன். தென்னாப்பிரிக்காவில் 2019 வாக்கில் இந்தத் திருட்டு திடீரென்று பெருகியது. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டுச் செடி வளர்க்க ஆரம்பித்தபோது இன்னும் எகிறியது. அந்தச் சில வருஷங்களில் மட்டும் பறிமுதலான செடிகள் 10 லட்சத்துக்கும் மேல். பிடிபட்டதே இவ்வளவு. அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். கோனோஃபைட்டத்தில் ஒரு வகை, ஆகனீஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குன்றில் மட்டும்தான் இருக்கிறது. கண்ணாடி வெங்காயம் மாதிரி இருக்கும். ஒரு குன்று, அவ்வளவுதான். ஒரு ராத்திரி நாலு பேர் கோணிப்பையோடு ஏறினால் ஓர் இனத்தின் கதையையே முடித்துவிடலாம். தாவரவியல் ஆட்கள் இப்போதெல்லாம் புது வகை எதையாவது கண்டுபிடித்தால் இடத்தைச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த மாசம் அங்கே குழிதான் இருக்கும்.

நான் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா பாடத்தில் ஒரு லத்தீன் வாக்கியத்தை உருப்போட வைத்தார்கள். 'நீமோ டாட் க்வாட் நான் ஹாபெட்'. தன்னிடம் இல்லாததை ஒருவன் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது என்று பொருள். 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 27-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. திருட்டு சைக்கிளை நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கினாலும் சைக்கிள் உங்களுடையது ஆகாது. விற்றவனுக்கே உரிமை இல்லாதபோது உங்களுக்கு எங்கிருந்து வரும்? பரீட்சையில் இதற்கு எட்டு மார்க். எழுதிவிட்டு மறந்துபோனேன். இருபது வருஷத்துக்கு அப்புறம் மாடியில், ஒரு மண்தொட்டிக்கு முன்னால் ஞாபகம் வந்தது.

நமக்கு இது புரியாத விஷயமில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. ஏஸி ஹாலில், நல்ல வெளிச்சத்தில், தூசு படாமல்தான் வைத்திருந்தார்கள். பூட்டிக் கிடந்த கோயிலில் இருந்ததைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள் என்று வாதாடலாம். நாம் ஒப்புக்கொண்டோமா? 'காசு கொடுத்தாய், பத்திரமாக வைத்தாய், எல்லாம் சரி. எங்கள் சாமியைக் கொடு' என்றோம். 2014-ல் திருப்பித் தந்தார்கள். நானும் அன்றைக்குக் கை தட்டினேன்.

அப்படியானால் நமக்வாலாந்துக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நடராஜர் விஷயத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. திருப்பித் தர முடிந்தது. என் செடியைத் திருப்பித் தர முடியாது. அந்த அரசாங்கமே பறிமுதல் செய்த செடிகளைப் பழையபடி மலையில் கொண்டுபோய் நடத் திண்டாடுகிறது. எந்த மலையில் எந்தச் சரிவிலிருந்து வந்தது என்று தெரியாது. தப்பான இடத்தில் வைத்தால் பிழைக்காது. பிழைத்தாலும், வழியில் ஒட்டிக்கொண்ட பூச்சியையும் நோயையும் மலைக்கே பரப்பிவிடலாம். அதனால் தாவரவியல் தோட்டங்களில் தொட்டி தொட்டியாக அடுக்கிக் காப்பாற்றுகிறார்கள். அகதி முகாம்தான். சென்னைத் தொட்டியில் ஒரு வருஷம் கிடந்த என் செடியை யார் உள்ளே விடுவார்கள்?

'சரி ஸார், சாமி சிலை ஊருக்குச் சொந்தம். மலையில் தானாக முளைத்த செடி யாருக்குச் சொந்தம்? யாருக்கு என்ன நஷ்டம்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் சில நாள் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நஷ்டம் இப்படி வருகிறது. இந்த வகைச் செடிகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தில் தானே காய்ப்பதில்லை. பக்கத்தில் இன்னொரு செடி வேண்டும். நடுவே தூது போக ஒரு பூச்சி வேண்டும். சில வகைகள் ராத்திரியில் பூத்து, வாசனை விட்டு அந்துப்பூச்சியைக் கூப்பிடுகின்றன. காய் காய்ந்து கெட்டியாக மூடிக்கொண்டு, மழைத்துளி பட்டால் மட்டும் திறக்கும். துளி தெறிக்கிற வேகத்தில் விதை நாலு அங்குலம் தள்ளிப் போய் விழும். அவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் பிரயாணம். ஒரு பாறை இடுக்கில் பாதியைப் பிடுங்கினால் மிச்சப் பாதிக்கு ஜோடி இல்லை. என் மாடியில் இது பூத்தாலும் காய்க்காது. நான் எவ்வளவு சீராட்டினாலும் இது வம்சம் இல்லாத செடி.

அடுத்து, 'நான் வாங்காவிட்டால் வேறு ஒருத்தன் வாங்கியிருப்பான், எப்படியும் பிடுங்கியாச்சு' என்ற பழைய வாதம். இதை மட்டும் காமர்ஸ் படித்தவன் சொல்லக் கூடாது. அந்தப் பையன் என் 9,000 ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? மறுபடி சரக்கு எடுப்பான். நான் கொடுத்தது இந்தச் செடியின் விலை இல்லை. அடுத்த செடிக்கான அட்வான்ஸ்.

இன்னொரு விபரீதமும் இருக்கிறது. கத்தரிக்காய் விலை ஏறினால் நாம் வெண்டைக்காய்க்குப் போய்விடுவோம். அரிய பொருளில் அது நடப்பதில்லை. குறையக் குறைய விலை ஏறும், விலை ஏற ஏற ஆசை ஏறும், ஆசை ஏற ஏற இன்னும் குறையும். கடைசிச் செடிக்குத்தான் அதிக விலை. இதை 2006-லேயே பிரான்ஸ் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. இதே செடி ரோட்டோரம் எருக்கு மாதிரி மண்டிக் கிடந்தால் நான் திரும்பிப் பார்த்திருப்பேனா? மாட்டேன். அப்படியானால் நான் ஆசைப்பட்டது செடிக்கா, அது மற்றவர்களிடம் இல்லை என்பதற்கா?

கோணிப்பையோடு மலை ஏறியவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்துச் செம்புச் சுரங்கங்கள் மூடியாகிவிட்டன. வேலை கிடையாது. என் 9,000-ல் அவன் கைக்கு என்ன போயிருக்கும் என்று தெரிய வேண்டுமா? நம்மூர்த் தக்காளி விவசாயியைக் கேளுங்கள், உத்தேசமாகச் சொல்லிவிடுவார். பிடிபடுகிறவர்களில் அவனும் உண்டு. அபூர்வமாகப் பெரிய கையும் சிக்கும். கலிபோர்னியாவில் டட்லியா என்ற செடியை ஆயிரக்கணக்கில் பிடுங்கிக் கொரியாவுக்கு அனுப்பப் பார்த்த நர்சரிக்காரருக்கு 2022 ஜனவரியில் இரண்டு வருஷம் சிறை கிடைத்தது. அவர் 2019-ல் தென்னாப்பிரிக்காவிலும் கோனோஃபைட்டத்தோடு பிடிபட்டவர்தான். ஆனால் வரவேற்பறையில் தொட்டியை வைத்து ரசிக்கிற என்னைத் தேடி எந்த ஊர்ப் போலீஸும் வராது.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். "எனக்குத் தெரியாதே, நான் நல்லெண்ணத்தில் வாங்கினவன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலிருந்து ஒரு விளக்கத்தைச் சொன்னார். நிலம், வீட்டுக்கான சட்டம்தான். ஆனால் அதில் 'தெரியும்' என்பதற்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். விசாரிக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டால், தெரிந்ததாகவே கணக்கு.

வேண்டுமென்றே விசாரிக்காமல் விடுவது. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு வெள்ளைக்காரன், நான் தொண்டையில் முழுங்கிய மூன்று கேள்விகளைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது!

செடி வளர்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இதற்குச் சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு, லித்தாப்ஸ். 1811-ல் பர்ச்செல் என்ற ஆங்கிலேயர் தென்னாப்பிரிக்காவில் ஒரு விநோதமான கூழாங்கல்லைப் பொறுக்கினார். கையில் எடுத்துப் பார்த்தால் செடி. பிற்பாடு டெஸ்மண்ட் கோல் என்பவரும் அவர் மனைவியும் வருஷக்கணக்கில் அலைந்து, லித்தாப்ஸ் வளரும் சுமார் 400 இடங்களுக்கு நம்பர் போட்டுக் குறித்து வைத்தார்கள். தொழிலால் அவர் ஆப்பிரிக்க மொழிப் பேராசிரியர், ட்ஸ்வானா மொழிக்கு இலக்கணம் எழுதியவர்! இன்றைக்கும் விதைப் பொட்டலத்தில் அந்த நம்பரைப் போட்டு விற்கிறார்கள். எந்தப் பாட்டியின் பேத்தி என்று தெரியும். மலையும் அப்படியே இருக்கும். முளைத்துப் பூக்க மூன்று வருஷம் ஆகும், அதுதான் ஒரே குறை. எனக்கு அந்த மூன்று வருஷம்தான் பொறுக்கவில்லை. யாரோ மலையில் காத்திருந்த முப்பது வருஷத்தை விலைக்கு வாங்கினேன்.

தை மாசம் அப்படி ஒரு பொட்டலம் வாங்கி விதைத்தேன். 40 முளைத்தது, 17 மிச்சம். கடுகு அளவில் இருக்கின்றன.

போன வாரம், பேங்கில் வேலை பார்க்கும் நண்பன் மாடிக்கு வந்தான். அவனும் இதே பைத்தியம். பூண்டுத் தோலைப் பார்த்ததுமே கண் விரிந்துவிட்டது. "இருபதாயிரம் தர்றேன்டா" என்றான். முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சரி, காசு வேண்டாம். ஒரு தலையைக் கிள்ளிக் கொடு, வேர் விட்டுக்கும். எனக்காக மலையில யாரும் தோண்ட வேண்டாமே? நீ சொல்ற கணக்குப்படி அது புண்ணியம்தானே?"

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. அவன் சொன்னது சரி. சரி மாதிரித்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "உன் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட இதைக் காட்டி என்னன்னு சொல்லுவே?" என்று கேட்டேன்.

"ஹேபிடட் பீஸோட பிள்ளைன்னுதான்" என்றான், யோசிக்காமலே.

நான் லித்தாப்ஸ் நாற்றில் ஐந்து தருகிறேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அதை வெச்சு என்னதான் பண்ணப் போறே? பூஜையா?" என்று கேட்டுவிட்டு, காபி கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறேன் என்று நேற்று போன் செய்தான். அதற்குள் யோசித்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.

புரட்டாசி பாதி ஆகிவிட்டது. விடியற்காலையில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. இன்று காலை பார்த்தேன், மூன்றாவது தலையில் தோல் லேசாகக் கிழிந்திருக்கிறது. ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டேன்.