கற்கிறவன் கூலி

அமெரிக்க சர்வகலாசாலை ஒன்றில் வாத்தியார் வேலை பார்க்கிறான் என் தங்கை மகன். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது இரவில் தூக்கம் வருவதில்லை. புரண்டுகொண்டிருந்த என்னை, ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, அந்தக் கலாசாலையின் நீச்சல் குளத்தைக் காட்ட அழைத்துப் போனான்.

வெளியே பனி, உள்ளே புழுக்கமும் குளோரின் நெடியும். முப்பது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் தனியாக மிதவைக் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அன்றைய பயிற்சியைப் பலகையில் எழுதினான். மாணவர்கள் தண்ணீரில் குதித்ததும், கையில் கடிகாரத்துடன் குளத்தின் ஓரமாகவே நடந்தான். ஒரு பெண்ணுக்கு முழங்கை எங்கே மடங்க வேண்டும் என்று காற்றில் தானே நீந்திக் காட்டினான். தலைமைப் பயிற்சியாளர் அரை மணி கழித்துக் காப்பிக் குவளையோடு வந்தார். உதவியாளனின் வேலை இதோடு முடிவதில்லையாம். நீருக்கடியில் எடுத்த படங்களை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதும், உயர்நிலைப் பள்ளிகளில் நன்றாக நீந்தும் பிள்ளைகளை அழைத்துப் பேசிக் கலாசாலைக்கு இழுப்பதும், வெளியூர்ப் போட்டிக்கு பஸ்ஸும் ஓட்டல் அறையும் ஏற்பாடு செய்வதும் அவன் பொறுப்புத்தான்.

"இவனுக்கு என்ன சம்பளம்?" என்றேன். நாம் எங்கே போனாலும் கேட்கிற கேள்வி.

"இப்போது ஏதோ கிடைக்கிறது, மாமா. முதல் இரண்டு வருஷம் ஒன்றும் கிடையாது. 'வாலண்டியர்' என்று பேர். கோடையில் குழந்தைகளுக்கு முகாம் நடத்திச் சாப்பிட்டான். தொழில் கற்றுக்கொள்கிறான் இல்லையா?"

அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை. நம் ஊரில் கேட்காத வார்த்தையா? வக்கீலின் ஜூனியர், தையற்கடையில் காஜா எடுக்கும் பையன், குருகுலத்துச் சிஷ்யன், எல்லோரும் கற்றுக்கொண்டவர்கள்தாம். அந்தக் குருமார்களெல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை; துணி துவைத்தே வயதாகிப்போன சிஷ்யர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனாலும் குரு வீட்டில் சோறு போட்டார்கள்.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1991-ல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.ஸி.ஏ.ஏ. சங்கம் ஒரு விதி செய்தது. கால்பந்து தவிர மற்ற விளையாட்டுகளில் ஒரு வகை உதவியாளர்களுக்கு வருஷத்துக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. செலவைக் குறைக்கவும், இளைஞர்கள் தொழில் கற்க இடம் வைக்கவுமே இந்த ஏற்பாடு என்று காரணம் சொன்னார்கள். கூடைப்பந்து உதவியாளர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அந்தப் பதவிகளில் பழுத்த அனுபவசாலிகளும் இருக்கிறார்களே, விதியில் இளைஞருக்கென்று ஒரு வார்த்தை இல்லையே என்று நீதிமன்றம் கவனித்தது. 1998-ல் மேல்நீதிமன்றமும் விதி செல்லாது என்றது. மறு வருஷம் சங்கம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆனால் சம்பளமே இல்லாத 'வாலண்டியர்' பதவி மட்டும் 2023 ஜூலை வரை உயிரோடு இருந்தது!

படியில் நிற்பவனுக்கு நாற்காலி எதற்கு என்பதுதான் இந்த வாதத்தின் சாரம். நாளைக்குத் தலைமைப் பதவி வரும், இன்றைக்குப் பொறுத்துக்கொள் என்கிறார்கள். ஒரு தலைவருக்கு மூன்று நான்கு உதவியாளர்கள் இருக்கிற இடத்தில் எத்தனை பேருக்கு அது வரும்? டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் எட்டி ரீஸ் 1978 முதல் 2024 வரை தலைமை வகித்து ஆண்கள் அணிக்கு 15 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தார். அவர் பக்கத்தில் கிரிஸ் கூபிக் என்பவர் பல பத்தாண்டுகள் இரண்டாமவராகவே உழைத்து 2016-ல் ஓய்வு பெற்றார். அவரை, இன்னும் கற்றுக்கொண்டிருந்தவர் என்று யாராவது சொல்வார்களா?

"அவனாக ஆசைப்பட்டுத்தானே வருகிறான், மாமா?" என்றான் மருமகன்.

வாஸ்தவம். ஆசை அவனுடையதுதான், அதில் மிச்சமாகும் பணம் யாருடையது? இரண்டு வருஷம் சும்மா உழைக்க, பின்னால் அப்பன் வீட்டுச் சாப்பாடு வேண்டும். அதில்லாத பையன், இவனைப்போலவே தண்ணீரை அறிந்தவன், வேறு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறான். அவன் போனது யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இப்படி மளமளவென்று நியாயம் பேசிக்கொண்டே வந்தவன், காரில் ஏறியதும் வாயடைத்துப் போனேன். என் பெரிய நாவலின் கையெழுத்துப் பிரதியை நாலு மாதம் உட்கார்ந்து நகலெடுத்து, பிழை திருத்தி, இரண்டு இடத்தில் தேதிக் குழப்பத்தையும் கண்டுபிடித்துச் சொன்னான் ஒரு பையன். கதை எழுத ஆசைப்பட்டவன். தினம் இரண்டு வேளை காப்பி கொடுத்தேன். "உனக்கு இது நல்ல பயிற்சி, தம்பி" என்றும் சொன்னேன்.

ஊர் திரும்பியதும் அவன் விலாசத்தைத் தேடினேன். பதிப்பகத்தில் விசாரித்தேன். அவனை அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.