ஓய்வு நாளின் அடுப்பு

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைக்கும் கோழிக் குழம்பு வேலையா, ஓய்வா? பார்க்கச் சில்லறைக் கேள்விதான். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதைச் சமயக் கடமையாகவே வகுத்த யூத மரபு, இதே கேள்வியை நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்திருக்கிறது.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, சபாத் எனும் அந்த ஓய்வு நாளில் விலக்க வேண்டிய வேலைகள் 39 என்கிறது. முதல் 11 வேலைகள் விதைப்பில் தொடங்கி ரொட்டி சுடுவதில் முடிகின்றன. சமையல் முழுவதும் அந்தப் பதினோராவதில் அடக்கம். பிராணியைப் பிடிப்பது, அறுப்பது, தோலுரிப்பது, தீ மூட்டுவது எல்லாம் பின்னால் வருகின்றன. மசாலா அரைப்பதையும் சேர்த்தால் ஒரு சட்டிக் குழம்புக்குள் ஆறு தடைகள். இங்கே அளவுகோல் உடல் அலுப்பு அல்ல. வீட்டுக்குள் கனமான நாற்காலியை நகர்த்தலாம். பச்சை முட்டையை வேகவைக்கக் கூடாது. ஒரு பொருளை வேறொன்றாக ஆக்கும் செயலே விலக்கு. இறைவன் படைப்பை நிறுத்திய நாளில் மனிதனும் ஆக்குவதை நிறுத்த வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

அதே மரபு சபாத்தை மகிழ்ச்சியோடு கொண்டாடவும் சொல்கிறது. ஆறிப்போன சாப்பாட்டில் என்ன மகிழ்ச்சி? அதற்கு வழி, சபாத் தொடங்கும் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவது. கொல்கத்தாவில் குடியேறிய பாக்தாத் யூதர்களின் ஹமீன் அப்படிப்பட்டது. கோழி வயிற்றில் அரிசியை அடைத்து, மஞ்சளும் இஞ்சியும் சேர்த்து, இரவெல்லாம் மெல்லிய தணலில் விட்டுவிடுவார்கள். சனிக்கிழமை மதியம் சுடச்சுடக் கோழி இருக்கும். அன்று சமைத்தவர் யாரும் இருக்கமாட்டார். சட்டத்தையும் நாக்கையும் ஒருசேரத் திருப்திப்படுத்திய உணவுகள் உலகில் அதிகம் இல்லை.

தமிழர் வீட்டு ஞாயிறு வேதத்திலிருந்து வந்ததல்ல; ஆலைச் சங்கிலிருந்து வந்தது. 1891-இன் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைத் தந்தது. 1948-இன் சட்டமும் தன் 52-ஆவது பிரிவில் அதைக் காப்பாற்றியது. வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி என விரதங்கள் மற்ற நாள்களைப் பிடித்துக்கொள்ள, பெரும்பாலான வீடுகளில் கறிக்கு ஞாயிறு தோதாக அமைந்தது. அங்கே ஓய்வு அடுப்பை அணைத்தது. இங்கே கூடுதல் நேரம் எரியவிட்டது.

இந்து தர்ம நூல்கள் சமையலறையிடம் கேட்ட கேள்வி வேறு. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்களைக் காண்கிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல் உலக்கை, தண்ணீர்க் குடம். அதாவது, வெறும் பருப்பு வேகும் வீட்டிலும் ஹிம்சை உண்டு. அதற்குப் பரிகாரம் விருந்தோம்பல் உள்ளிட்ட ஐந்து வேள்விகள். தனக்காக மட்டும் சமைப்பவன் பாவத்தையே உண்கிறான் என்பது கீதை மூன்றாம் அத்தியாயத்தின் கருத்து. பகிர்ந்தால் சமையல் தூய்மையாகிவிடும். ஆனால் அந்த வேள்விகள் தினசரிக் கடமைகள். இந்த ஏற்பாட்டில் அடுப்புக்கு வார விடுமுறை கிடையாது.

தத்துவவாதி ஹன்னா ஆரண்ட், 1958-இல் வெளியான தம் நூலில், சுவடின்றித் தீர்ந்துபோகும் உழைப்பையும் நிலைத்து நிற்கும் பொருளை ஆக்கும் வேலையையும் பிரித்தார். பதினொரு மணிக்கு இறக்கிய குழம்பு மூன்று மணிக்குள் காலியாகிவிடும் என்பதால் சமையல் முதல் வகை. ஆனாலும் விடுமுறையில் சமைப்பவர் அதை அப்படி உணர்வதில்லை. எளிய முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு கிலோ கறியில் மஞ்சளும் உப்பும் பிசறி வைப்பது, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதக்கி, கறியையும் குழம்பு மிளகாய்த் தூளையும் போட்டுக் கொதிக்கவிடுவது, கடைசியில் அரைத்த தேங்காய். பிராய்லர் கோழி அரை மணியில் வெந்துவிடும். செவ்வாய்க்கிழமை சாம்பாருக்கும் ஏறக்குறைய இதே கையசைவுகள்தான். வேறுபாடு சட்டியில் இல்லை, செய்யாமல் விடும் சுதந்திரத்தில் இருக்கிறது. “இன்னைக்கு வேணாம், கடையில வாங்கிக்கலாம்” என்று சொல்ல முடிந்தவருக்கு அது ஓய்வு.

அப்படிச் சொல்ல முடிந்தவர் பெரும்பாலும் ஆண். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டிருந்தனர். வாரம் ஒருமுறை கரண்டி பிடிப்பவரின் குழம்பை வீடே புகழும். எண்ணெய் தெறித்த அடுப்பைத் துடைப்பவர் வேறொருவர். யூதர்களின் பழைய கட்டளையிலும் இதன் சாயல் உண்டு. சபாத் ஓய்வுக்கு உரியவர்களாக மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, கால்நடை, அந்நியர் வரை பெயர் சொல்லும் விவிலியத்தின் யாத்திராகமம் மனைவியைத் தனியாகக் குறிப்பிடவில்லை. ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்பது உரையாசிரியர் விளக்கம். அவளுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. பதிலுக்கு வெள்ளிக்கிழமையில் இரண்டு நாள் சமையல் சேர்ந்தது.

கறிக்கடைக்காரர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே அவர் கத்தியைத் தீட்டியாக வேண்டும். விரதத்தால் ஆள் வராத வெள்ளியும் செவ்வாயும்தான் அவருக்குச் சற்று மூச்சுவிடும் நாள்கள். புரட்டாசியில் அந்த ஓய்வு தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது.