ஓட்டுக்குள்ளே இருப்பது

கண்ணுக்குத் தெரியாத குறைக்கு யார் பொறுப்பாளி? விற்கிறவன் பொய் சொல்லவில்லை. வாங்குகிறவன் சோதித்துத்தான் வாங்கினான். ஆயினும் சரக்கில் குறை இருக்கிறது. இக்கேள்வியை எந்த வியாபாரத்தைப் பற்றியும் கேட்கலாம். ஆனால் சாக்லெட் செய்வோருக்கு ஹேசல் கொட்டை விளைவித்துக் கொடுக்கும் குடும்பங்களிடத்தில் வைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். ஏனெனில், அவர்கள் விற்கும் பொருள் ஓட்டுக்குள்ளே மூடிக் கிடக்கிறது.

இத்தாலியின் வடமேற்கே உள்ளது பீட்மான்ட். தொன் போஸ்கோ பிறந்து உழைத்த மாநிலம் என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். அங்கே லாங்கே என்னும் குன்றுகளில் அநேக குடும்பங்கள் ஹேசல் மரம் வளர்க்கின்றன. கோக்கோ கிடைப்பதற்கு அரிதாக இருந்த காலத்தில் தூரின் நகரத்துச் சாக்லெட்காரர்கள் இந்தப் பருப்பை அரைத்து அதனோடு சேர்த்தார்கள் என்பர். அந்தக் கலவையில் செய்த ஜாந்துயோத்தோ என்ற மிட்டாய் 1865-இல் பெயர் பெற்றது. 1964-இல் ஆல்பா நகரிலிருந்து வெளிவந்த நுட்டெல்லாவும் இதே வழியில் வந்ததே.

இம்மரம் பொறுமையைக் கேட்கும் மரம். நடுக் குளிர்காலத்தில் பூக்கிறது. காற்றே மகரந்தத்தைக் கொண்டு போகிறது. தன் மகரந்தத்தால் அது காய்க்காது. அருகே வேறு வகை மரமும் நிற்கவேண்டும். கன்று நட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்தே முதல் காய்ப்பைக் காணலாம். ஆகஸ்டு மாதத்தில் கொட்டை முற்றித் தானே உதிர்கிறது. ஈரத்தரையில் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகையால் விரைவில் வாரி எடுத்து, பருப்பில் நூற்றுக்கு 6 பங்கு ஈரம் நிற்கும் வரை உலர்த்துகிறார்கள். பூஞ்சணத்தால் உண்டாகும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு, உண்ணத் தயாரான பருப்பில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது ஐரோப்பியச் சட்டம்.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு சத்துரு மிஞ்சி நிற்கிறது. அது நாவாய்ப் பூச்சி. 2012-இல் ஆசியாவைச் சேர்ந்த புதிய இனம் ஒன்றும் இத்தாலியில் கண்டுபிடிக்கப்பட்டது. பூச்சி தன் ஊசி வாயால் ஓட்டைத் துளைத்துப் பருப்பின் சாற்றை உறிஞ்சுகிறது. பருப்பு கசந்து போகிறது. வெளியே ஓடு மட்டும் அழகாகவே இருக்கிறது. வியாபாரி ஒவ்வொரு கொட்டையையும் உடைத்துப் பார்க்க முடியாது. மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து உடைத்து, பருப்பின் எடையையும் குறையையும் கணக்கிட்டு விலை வைக்கிறான். சிறிதளவு குறைக்கு ஒப்பந்தத்திலேயே இடமும் விடுகிறான்.

இப்போது ஒரு வழக்கை எண்ணிப் பார்ப்போம். ஒரு குடும்பத்தின் மேட்டுத் தோட்டத்துக் கொட்டை சுத்தமானது. காட்டோரத்துத் தோட்டத்திலோ பூச்சி விழுந்துவிட்டது. இரண்டையும் அளவறிந்து கலந்தால் குறை, அனுமதித்த வரம்புக்குள் அடங்கும். கலக்கலாமா?

'வரம்பை மீறவில்லையே, பாவம் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அரிசி அளக்கும்போது கைதவறிச் சில மணி சிந்துவது வேறு. படிக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பது வேறு. இரண்டிலும் குறைவது ஒரே அளவாக இருக்கலாம், செய்கை ஒன்றல்ல. வரம்பு என்பது மனிதனுடைய இயலாமைக்கு விட்ட இடம். அவன் தந்திரத்துக்கு விட்ட இடமன்று. அறியாமல் போன கசப்புக்கு மன்னிப்பு உண்டு. அறிந்து கலந்த கசப்பு களவேயாகும்.

'வாங்குகிறவர்கள் பெரிய பணக்காரர்கள், அவர்களுக்கு என்ன நஷ்டம்?' என்றும் கேட்கலாம். நஷ்டம் அவர்களோடு நிற்பதில்லை. பீட்மான்ட் கொட்டை என்ற பெயருக்கு 1996 முதல் ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயர் ஒருவனுடைய சொத்தன்று. அக்குன்றுகளில் வாழும் குடும்பங்களின் பொதுச் சொத்து. ஒருவன் கலந்த மூட்டை, அயலானுடைய நற்பெயரிலிருந்து திருடுகிறது.

நிற்க. நீதி ஒரு கையால் தட்டப்படும் ஓசையன்று. வாங்குகிறவனுக்கும் கடமை உண்டு. சுத்தமான கொட்டைக்கும் மட்டமானதற்கும் ஒரே விலை கொடுக்கிறவன், விவசாயியைக் கலப்படத்துக்குத் தூண்டுகிறான். விளைச்சல் மிகுந்த ஆண்டில் இல்லாத குறையைக் காட்டி விலையை இறக்குகிறவனும், படிக்குள் விரல் விட்டு அளந்தவனும் உடன்பிறந்தவர்களே.

இன்னும் ஒன்று உண்டு. உலகத்து ஹேசல் கொட்டையில் பாதிக்கு மேல் துருக்கி தேசத்தின் கருங்கடல் கரையில் விளைகிறது. அங்கே அறுவடைக்குத் தூரத்து ஊர்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் வருகின்றன. குழந்தைத் தொழிலாளர் உழைப்பால் விளையும் பொருள்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிடும் பட்டியலில் துருக்கிக் கொட்டையும் இடம்பெற்றிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டிய பிள்ளை சரிவான மேட்டில் கொட்டை பறிக்கிறது. அந்தக் கசப்பு நாவில் படுவதில்லை. மாதிரி உடைத்துப் பார்க்கிறவனுடைய தராசும் அதைக் காட்டாது.

அப்படியானால் பொறுப்பாளி யார்? அறிந்தவன் எவனோ அவனே. விளைவித்தவன் தன் தோட்டத்தை அறிவான். வாங்கியவன் தான் கொடுத்த விலையை அறிவான். பறித்தது யார் என்று கேட்டால் அதையும் அறியலாம். கேட்காமலிருந்து அறியாதவனாக இருக்க விரும்புவதும் அறிந்ததற்குச் சமமே. தின்கிற நாமும் இதற்கு விலக்கல்ல. மலிவாகவும் வேண்டும், மேன்மையாகவும் வேண்டும், எப்படி வந்ததென்று மட்டும் தெரியவேண்டாம் என்று சொல்கிறவன், மூடிய ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு உடைக்க மறுக்கிறவன். அதை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை உடைத்துப் பார்ப்போமாக.