காவலன் வேடம் யாருக்கு?

சிற்றூர் இளைஞர்கள் சிலப்பதிகாரத்தை நாடகமாக்க முனைந்தால், முதற்போர் மேடையிலே அல்ல, வேடப் பங்கீட்டிலே மூளும். கோவலன் நானே என்பார் ஒருவர். பாண்டியன் எனக்கே என்பார் மற்றொருவர். காவலன் வேடத்தை மட்டும் கேட்பாரில்லை. வசனம் மறப்பவன் எவனோ, அவன் தலையிலே அது கட்டப்படும். வாளைப் பிடித்து நின்றால் போதுமாம்!

போதுமா தோழர்களே? அந்த வாள் அன்றோ நாடகத்தைத் துன்பியலாக்கியது!

பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர். மதுரையை எரித்த கண்ணகியே சினம் தணிந்து அங்கு மதுரகாளியாக அமர்ந்தாள் என்பது மக்கள் வழங்கும் கதை. கதையின் மெய்ம்மை ஒருபுறம் இருக்கட்டும். தலைவியின் துயரை நாடு மறக்கவில்லை என்பதற்கு அது சான்று. ஆனால் அத்துயரை ஆக்கியவர் யார் என்று கேட்டால், ‘ஊழ்வினை’ என்ற ஒரே சொல்லில் விடை முடிந்துவிடுகிறது. கோவலனை வெட்டியது ஊழா? ஊழுக்குக் கை ஏது? கையிலே வாள் ஏது?

கொலைக்களக் காதையைப் பாருங்கள். பொற்கொல்லன் பழி சுமத்துகிறான். தேவியின் ஊடல் தீர்க்க விரைகின்ற மன்னன், ஆராயாது ஆணையிடுகிறான். காவலர் வருகின்றனர், கோவலனைக் காண்கின்றனர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று சொல்லவும் செய்கின்றனர்! ஐயம் பிறந்துவிட்டது; அறிவு விழித்துவிட்டது. பொற்கொல்லனோ நகைக்கிறான், கள்வர்களின் திறம் எட்டு வகை என்று விரிவுரை ஆற்றுகிறான். இளங்காவலன் ஒருவன், தன் வாளையே பறித்தோடிய கள்வனின் கதையைச் சொல்லி அச்சத்தை வளர்க்கிறான். அந்நேரம் கல்லாதவன் ஒருவன், களிமயக்கத்தில் வாளை வீசிவிடுகிறான்.

வீசியவன் ஒருவன். நின்றவர் எத்தனை பேர்?

‘அரசன் ஆணை, ஏவலர் என் செய்வர்?’ என்று கேட்கலாம். மன்னனை எதிர்க்க வேண்டாம். வாளை முறிக்க வேண்டாம். ‘இவனை அவைக்கு அழைத்துச் செல்வோம்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்பதே வழக்கு. கண்ணகி அதை அவையிலே மெய்ப்பித்தபோது நெடுநேரமா ஆயிற்று? அந்தச் சிறுபொழுதைக் கோவலனுக்குத் தந்திருந்தால் உயிர் தப்பியிருக்கும், ஊரும் தப்பியிருக்கும். அவர்களுக்கு இல்லாதது அறிவன்று. அறிந்ததற்காகக் கை நீட்டும் துணிவு.

இனி மாதரியைப் பாருங்கள். ஆயர் குலத்து முதுமகள். அடைக்கலமாக வந்தோர்க்கு இடம் தந்தவள். குற்றம் ஒன்றும் அறியாதவள். அவளோ, அடைக்கலத்தை இழந்தேனே என்று அரற்றி எரியிலே பாய்கிறாள்! பொறுப்பில்லாதவள் பழியைத் தன்மேல் ஏற்றாள். பொறுப்புடைய காவலர் என்ன ஆயினர் என்று காப்பியம் சொல்லவில்லை. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்கிறது உரைபெறு கட்டுரை. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் தலைகள்! அவர்களில் ஒருவனுக்கேனும் பெயர் உண்டா? எண்தான் உண்டு.

மேடைக்கு வெளியிலும் இதே கணக்குத்தான். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் இரயில் கவிழ்ந்தது. பொறுப்பேற்றுப் பதவி துறந்த அமைச்சர் லால்பகதூர் சாத்திரியின் பெயரை நாடறியும். அவர் செய்தது நன்றே. மாண்டவர்களோ ‘நூற்றுக்கு மேற்பட்டோர்’ என்ற எண்ணாக நிற்கின்றனர்.

நம்மில் எத்தனை பேர் மன்னராகப் போகிறோம்? ஊர்க்கூட்டத்திலே ஒருவன்மீது வீண்பழி விழும்போது, சாதியின் பெயரால் ஒரு காதலர் இணை வேட்டையாடப்படும்போது, நமக்குக் கிடைக்கும் வேடம் பாண்டியன் வேடமன்று. அருகே நிற்கும் காவலன் வேடந்தான். ‘இவன் குற்றவாளி அல்லன்’ என்று முணுமுணுத்துவிட்டு நிற்பது எளிது. ஓங்கிய கையைப் பற்றுவதுதான் அறம்.

ஆதலின், அடுத்த முறை நாடகம் போடும்போது, உங்களில் சிறந்த நடிகனுக்கே காவலன் வேடத்தைத் தாருங்கள். அவன் தயங்கி நிற்கும் அந்த ஒரு கணத்தைக் கண்டு, பார்ப்பவர் நெஞ்சு பதைக்கட்டும். பதைத்த நெஞ்சு, நாளை தெருவிலே கை நீட்டும்.